பரிமளதைலம் என்று நாம் வாசிக்கும் ‘மூரோன்’ எது?

யோவான் சுவிசேஷம் 12ஆம் அதிகாரம் 3ஆம் வசனத்தை இரண்டு தமிழ் வேதாகமங்களில் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். புராட்டஸ்டன்ட் சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதலில் மரியாள் கொண்டுவந்தது “நளதம் என்னும் தைலம்”, அளவு ஒரு இராத்தல். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது இலாமிச்சை என்னும் நறுமணத் தைலம், அளவு ஏறக்குறைய முந்நூற்று இருபது கிராம். செடியின் பெயரே மாறிவிட்டது. எடையும் பொருந்தாதது போலத் தெரிகிறது. இதே பொருளைப் பிரசங்கத்தில் சிலர் ‘அபிஷேக எண்ணெய்’ என்கிறார்கள், சிலர் ‘வெள்ளைப்போளம்’ என்கிறார்கள். ஆங்கில வேதாகமத்தின் ‘ஆயின்ட்மென்ட்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, டியூபில் வரும் களிம்பு போன்ற ஒன்றை மனதில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

கிரேக்க மூலத்தில் தைலம் என்று வரும் இடத்தில் நிற்கும் சொல் மூரோன். புதிய ஏற்பாட்டில் அது 14 முறை வருகிறது. ஒன்றைத் தவிர மற்ற 13 இடங்களும் நான்கு சுவிசேஷங்களில். அவற்றிலும் 12 இடங்கள், ஒரு பெண் இயேசுவின் தலையிலோ பாதத்திலோ தைலம் ஊற்றிய சம்பவத்தைச் சேர்ந்தவை. ஆகவே இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் அந்தச் சம்பவத்தையே தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

## மூரோன் ஒரு செய்பொருள்

மணப்பொருள்களை எண்ணெயில் ஊறவைத்து, சூடேற்றி, பதம் பார்த்து இறக்கிய வாசனைத் தைலத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் மூரோன். ஒரு செடிக்கோ பிசினுக்கோ உரிய பெயர் அல்ல. கைத்தொழிலாளி செய்து கடையில் வைத்து விற்ற சரக்கின் பெயர். அதைச் செய்தவனுக்கு ‘முரெப்சோஸ்’ என்று தனிப் பெயரே இருந்தது: மூரோன் காய்ச்சுகிறவன். எபிரேய வேதாகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில், யாத்திராகமம் 30:25இல் இந்தத் தொழிற்பெயர் வருகிறது. பழைய திருப்புதல் அங்கே ‘தைலக்காரன்’ என்கிறது. அந்தப் பத்தியிலேயே செய்முறையும் இருக்கிறது: வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500. இவ்வளவுக்கும் சேர்த்து ஒலிவ எண்ணெய் ஒரு குடம்.

இன்றைய செண்டில் வாசனையைத் தாங்கி நிற்பது ஆல்கஹால். அன்றைய மத்தியதரைக்கடல் நாடுகளில் அந்த வேலையைச் செய்தது எண்ணெய். இந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதை, கிறிஸ்துவுக்கு முந்தைய 4ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வாழ்ந்த தியோஃபிராஸ்டஸ் ‘மணங்களைப் பற்றி’ என்ற சிறு நூலில் எழுதி வைத்திருக்கிறார். அரிஸ்டாட்டிலின் மாணவர் அவர். அவர் சொல்வதில் நமக்குத் தேவையான சில விவரங்கள்:

1. முதலில் துவர்ப்புள்ள பொருள்களை எண்ணெயில் போட்டு அதைப் பக்குவப்படுத்துவார்கள். அப்படிச் செய்த எண்ணெய்தான் அடுத்து வரும் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

2. சட்டியை நேராக நெருப்பில் ஏற்றமாட்டார்கள். கொதிநீருக்குள் இறக்கிவைத்துச் சூடேற்றுவார்கள். நேரடி அனல் பட்டால் மணம் கருகிவிடும்.

3. கடைசியாகச் சேர்க்கும் மணப்பொருள், அளவில் குறைந்ததாக இருந்தாலும், மற்றதையெல்லாம் அமுக்கிக்கொண்டு மேலே நிற்கும். தைலத்துக்குப் பெயர் அதனால்தான் அமைகிறது. ‘நளத மூரோன்’ என்றால் நளதம் மட்டும் இருக்கிறது என்று பொருள் இல்லை. நளதத்தின் மணம் மேலோங்கி நிற்கிறது என்று பொருள்.

4. வெயிலும் சூடும் இந்தச் சரக்கைக் கெடுக்கும். ஆகவே ஈயப் பாத்திரத்திலும் வெள்ளைக்கல் சிமிழிலும் போட்டு நிழலில் வைப்பார்கள்.

அடிப்படை எண்ணெயாக அவர் சிறப்பித்துச் சொல்வது ‘பலானோஸ்’ கொட்டையின் எண்ணெய். அது நம் முருங்கைக்கு நெருங்கிய உறவான, எகிப்து, அரேபியா பக்கத்தில் விளையும் ஒரு முருங்கை இனத்தின் விதையெண்ணெய். பிசுக்குக் குறைவு என்பதே அதன் சிறப்பு. ஒலிவ எண்ணெயும் பயன்பட்டது, ஆனால் எல்லா மூரோனும் ஒலிவ எண்ணெயில் செய்ததல்ல.

நாலாவது குறிப்பு சுவிசேஷ வாசகருக்கு நேரடியாகப் பயன்படும். எகிப்தியத் தைலம் ஒன்று எட்டு ஆண்டு கடையில் இருந்தும் கெடாமல், புதிதைவிட நன்றாக இருந்தது என்று ஒரு வியாபாரி சொன்னதை தியோஃபிராஸ்டஸ் பதிவு செய்கிறார். ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில், வாசனைத் தைலத்தை வெள்ளைக்கல் சிமிழில் வைத்தால்தான் நன்றாக நிற்கும் என்கிறார். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் குறிப்பிடும் ‘அலபாஸ்ட்ரோன்’ இந்தச் சிமிழே. பழைய திருப்புதலின் மாற்கு 14:3இல் அது வெள்ளைக்கல் பரணி. பரணி என்றதும் ஊறுகாய்ப் பரணி அளவுக்கு நினைத்துவிட வேண்டாம். கைக்குள் அடங்கும், கழுத்து ஒடுங்கிய சிறு குப்பி அது. விலை உயர்ந்த ஒன்றை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கவென்றே செய்த கலம். மாற்கு சொல்லும் பெண் அதைத் திறந்து ஊற்றவில்லை, உடைத்து ஊற்றினாள். மீதி வைப்பதற்கு வழியே விடவில்லை.

## அக்கம்பக்கத்துச் சொற்கள்

குழப்பத்தின் பெரும்பகுதி, மூரோனுக்கு அருகில் நிற்கும் மூன்று சொற்களோடு அதைக் கலந்துவிடுவதால் வருவது.

1. எலாயோன். ஒலிவ எண்ணெய். பத்துக் கன்னிகைகளின் தீவட்டியில் எரிந்ததும், நல்ல சமாரியன் காயத்தில் வார்த்ததும், யாக்கோபு 5:14இல் மூப்பர்கள் நோயாளிக்குப் பூசுவதும் இதுவே. வீட்டில் எப்போதும் இருக்கும் பொருள். மூரோன் இதிலிருந்து வேறு என்பதற்கு வேதத்திலேயே இரண்டு தெளிவான சான்றுகள் உண்டு. லூக்கா 7:46இல் இயேசு பரிசேயனான சீமோனிடம் சொல்கிறார்: நீ என் தலைக்கு எலாயோன் பூசவில்லை, இவளோ என் பாதங்களுக்கு மூரோன் பூசினாள். தலைக்குச் சாதாரண எண்ணெய்கூட இல்லை. பாதத்துக்கோ விலையுயர்ந்த வாசனைத் தைலம். இரண்டு சொற்களையும் ஒன்றாக்கிவிட்டால் இந்த வாக்கியத்தில் பாதி பலம் போய்விடும். இரண்டாவது சான்று வெளிப்படுத்தின விசேஷம் 18:13. அங்கே சரக்குப் பட்டியலில் மூரோனும் எலாயோனும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன.

2. ஸ்முர்னா. இது வெள்ளைப்போளம், ஒரு மரத்தின் பிசின். சாஸ்திரிகள் குழந்தை இயேசுவுக்குக் கொண்டுவந்ததும், நிக்கொதேமு அடக்கத்துக்காகக் கரியபோளத்தோடு கலந்து கொண்டுவந்ததும் இது. இதற்குக் கிரேக்கத்தில் மிர்ரா என்றும் பெயர். மூரோன், மிர்ரா என்று ஒலி நெருங்கி வருவதால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் பழங்காலத்திலேயே கிளம்பிவிட்டது. மிர்ராவிலிருந்தே மூரோன் என்ற சொல் பிறந்தது என்று பழைய கிரேக்க எழுத்தாளர்கள் சிலர் எழுதினார்கள். இன்றைய மொழியியலாளர் அதை ஒருமனதாக ஏற்பதில்லை. சொல்லின் பிறப்பு எப்படியானாலும் புழக்கத்தில் பொருள் வேறு: வெள்ளைப்போளம் சேராத மூரோன் ஏராளம். கீழைச் சபைகள் இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்களை ‘முரோஃபோரோய்’ என்று கொண்டாடுகின்றன. மூரோன் ஏந்தியவர்கள் என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் அது ‘வெள்ளைப்போளம் ஏந்தியவர்கள்’ என்று ஆகிவிட்டது. ஆங்கிலம் வழியாக நம்மிடமும் அந்தப் பிழை வந்து சேர்கிறது.

3. அரோமாட்டா. உலர்ந்த மணச்சரக்குகள், பழைய திருப்புதலில் கந்தவர்க்கங்கள் அல்லது சுகந்தவர்க்கங்கள். லூக்கா 23:56இல் பெண்கள் கந்தவர்க்கங்களையும் பரிமளதைலங்களையும் ஆயத்தம் பண்ணினார்கள் என்னும்போது, முதலாவது அரோமாட்டா, அடுத்தது மூரோன்.

## நளதமா, இலாமிச்சையா?

மாற்கும் யோவானும் மட்டும் அந்த மூரோன் எதில் செய்தது என்று சொல்கிறார்கள்: நார்தோஸ். பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டபடி இது இமயமலையில் 3,000 முதல் 5,000 மீட்டர் உயரத்தில் விளையும் சடாமாஞ்சில். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சுண்டுவிரல் நீளத்துக்கு, கரும்பழுப்பு நிறத்தில், நார்நாராக முடி சுற்றியதுபோல் இருக்கும் கிழங்குத் தண்டு அது. சடை என்ற சொல் பெயரில் வந்தது அதனால்தான். மல்லிகை, ரோஜா போல இனிக்கும் மணம் இதற்குக் கிடையாது. ஈர மண்ணும் பழைய மரமும் கலந்தாற்போல் கனமான, கொஞ்சம் காரமான வாசனை. பட்ட இடத்தில் நெடுநேரம் நிற்கும். வீடு முழுவதும் தைலத்தின் பரிமளத்தினால் நிறைந்தது என்று யோவான் எழுதும்போது அவர் பூவாசத்தைச் சொல்லவில்லை, இந்தக் கிழங்கு வாசத்தைச் சொல்கிறார்.

யோவானின் அந்த வரிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. முந்தைய அதிகாரத்தில், இறந்த லாசருவை எழுப்ப வந்த இயேசு கல்லறைக் கல்லை எடுக்கச் சொன்னபோது, அவனுடைய சகோதரி மார்த்தாள் “இப்பொழுது நாறுமே” என்று தடுக்கிறாள். அடுத்த அதிகாரத்தில் அதே குடும்பம், அதே லாசரு பந்தியில் இருக்க, வீடு மணக்கிறது.

சடாமாஞ்சில் மரியாளின் ஊரான பெத்தானியாவின் மேசை வரை எப்படிப் போனது? சமஸ்கிருதத்தில் நளதம், எபிரேயத்தில் நேர்த், கிரேக்கத்தில் நார்தோஸ்: சொல்லே சரக்கோடு பயணம் செய்திருக்கிறது என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. பழைய திருப்புதல் ‘நளதம்’ என்று வைத்தபோது, அந்தச் சொல் சுற்றிவளைத்துத் தன் பழைய வடிவத்துக்கே திரும்பி வந்துவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டு நடுவில் எழுதப்பட்ட ‘செங்கடல் பெரிப்ளஸ்’ என்ற கிரேக்க வணிகக் கையேடு, கங்கைப் பகுதி நளதம் மிளகோடு சேர்ந்து முசிறி, நெல்கிந்தா துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியானதைச் சொல்கிறது. இன்று வியன்னாவில் இருக்கும் 2ஆம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரசில், எர்மபொலோன் என்ற கப்பல் ஏற்றிச் சென்ற சரக்கில் 60 பெட்டி கங்கை நளதம் கணக்கிடப்பட்டிருக்கிறது. முசிறி அன்று சேரர் துறை. இமயத்துக் கிழங்கு கங்கைக் கழிமுகம் இறங்கி, தமிழகத்துக் கரையில் கப்பல் மாறி, செங்கடல் வழியாக ரோமானிய உலகத்துக்குப் போன பாதை இது. வடமேற்கே, குஜராத்துக் கரையிலிருந்த பாருகச்சம் வழியாக இன்னொரு பாதையும் இருந்தது. மரியாளின் தைலம் இதில் எந்த வழியாக வந்திருந்தாலும், யூதேயாவின் தோட்டத்தில் விளைந்த பொருள் அல்ல அது.

இனி இலாமிச்சை. இது வெட்டிவேரைப் போன்ற வாசனை வேர் உடைய, சமவெளியில் விளையும் வேறொரு செடி. அப்படியானால் திருவிவிலியக் குழு தவறு செய்துவிட்டதா? அவசரப்பட்டு அப்படிச் சொல்ல முடியாது. சமஸ்கிருத நிகண்டான அமரகோசம், வெட்டிவேரின் பெயர்களை வரிசையாகச் சொல்லும்போது ‘நளதம்’ என்பதையும் ‘லாமஜ்ஜகம்’ என்பதையும் ஒரே வரிசையில் வைக்கிறது. லாமஜ்ஜகம்தான் தமிழில் இலாமிச்சை. நளதம் என்ற பெயர் மருத்துவ நூல்களில் சடாமாஞ்சிலுக்கும் நிகண்டில் வெட்டிவேருக்கும் வழங்கியிருக்கிறது. ஆகவே இலாமிச்சை என்று எழுதியதற்கும் அகராதி ஆதாரம் இருக்கிறது. ஆனால் சுவிசேஷம் குறிப்பிடும் நார்தோஸ் அதுவல்ல என்பதே என் முடிவு. காரணம், ரோமானியச் சந்தையில் அந்தப் பெயரில் விலைபோனது மலைக்கிழங்கு. வெட்டிவேர் வகைக்கு அந்த விலை கிடையாது; அந்த விலை இல்லாவிட்டால், இதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று சம்பவத்தில் எழும் சண்டைக்கும் காரணம் இல்லை.

நார்தோஸுக்கு முன் ‘பிஸ்திகே’ என்று ஓர் அடைமொழி இருக்கிறது. நம்பத்தக்க, அசலான என்பது ஒரு விளக்கம். குடிக்கக்கூடிய நீர்ம வடிவம் என்பது இன்னொன்று. ஊர்ப்பெயர் அல்லது வேறொரு செடியின் பெயர் திரிந்தது என்பாரும் உண்டு. நளதத்தில் போலிச் செடியைக் கலந்து ஏமாற்றுவது வழக்கம் என்று பிளினி எழுதியிருப்பதால், ‘அசல் சரக்கு’ என்ற பொருளே சந்தை மொழிக்குப் பொருந்துகிறது. திருவிவிலியத்தின் ‘கலப்பற்ற’ என்ற சொல் இந்த இடத்தில் மிகச் சரி. பழைய திருப்புதலின் ‘களங்கமில்லாத’ என்பதில் ஒழுக்க வாடை ஏறிவிடுகிறது.

## முந்நூறு பணம் என்றால் எவ்வளவு?

மூலத்தில் அளவு ஒரு லித்ரா. அது ரோமானியப் பவுண்டு, சுமார் 327 கிராம். பழைய திருப்புதல் செய்தவர்கள் தங்கள் காலத்துப் பவுண்டான இராத்தலைப் போட்டார்கள். இலங்கையில் இன்றும் ‘ஒரு இறாத்தல் பாண்’ என்று கேட்கிறார்களே, அந்த இறாத்தல் ஏறக்குறைய 450 கிராம். அங்கே பழகிய வாசகர் உள்ளதைவிடக் கூடுதலாகக் கற்பனை செய்துகொள்வார். திருவிவிலியத்தின் 320 கிராம் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

விலை 300 தெனாரி; தெனாரி என்பது ரோமானிய வெள்ளிக்காசு. பழைய திருப்புதலில் முந்நூறு பணம். மத்தேயு 20இல் திராட்சத்தோட்டத்துக் கூலியாளுக்கு நாளொன்றுக்குப் பேசிய கூலி ஒரு தெனாரி. ஓய்வுநாளையும் பண்டிகையையும் கழித்தால், 300 தெனாரி என்பது ஒரு கூலியாளின் ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு. அதை 327 கிராமுக்குப் பகிர்ந்தால், ஒரு கிராமும் இன்னும் கொஞ்சமும் ஒரு நாள் கூலி. பாதத்தில் விழுந்த சில சொட்டுகளே ஒருவன் காலை முதல் மாலை வரை வெயிலில் நின்று சம்பாதிப்பது.

இது சுவிசேஷகர் மிகைப்படுத்திச் சொன்ன தொகையோ என்ற சந்தேகம் எழலாம். பிளினி கொடுக்கும் விலைகள் அதைத் தீர்க்கின்றன. நளதக் கதிர் ஒரு பவுண்டு 100 தெனாரி, அதுவும் மூலப்பொருளாக. உயர்ந்த வாசனைத் தைலங்கள் பவுண்டு 400 தெனாரியையும் தாண்டி விற்றன என்கிறார். அந்தச் சந்தையில் 300 என்பது நம்பக்கூடிய விலை.

இந்தக் கணக்கு தெரிந்தபின் சீஷர்களின் எரிச்சலை வெறும் கஞ்சத்தனம் என்று ஒதுக்க முடியவில்லை. ஐயாயிரம் பேர் பசியோடு உட்கார்ந்திருந்தபோது இதே சீஷர்கள் போட்ட கணக்கு 200 தெனாரிக்கு அப்பம் என்பது. பசித்த ஒரு பெருங்கூட்டத்துக்கான அப்பத்தையும் விட அதிகமான தொகை கண்ணெதிரே தரையில் வழிகிறது. தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. யோவான் அந்தக் கேள்வியை யூதாஸ் வாயில் வைத்து அவன் திருடன் என்கிறார். மாற்கில் அங்கிருந்த சிலரும், மத்தேயுவில் சீஷர்களும் அதைக் கேட்கிறார்கள். ‘எண்ணெய்’ என்று மொழிபெயர்த்தால் இந்தக் கேள்வியின் கனம் வாசகருக்குத் தெரியாமலே போகும்.

## வினைச்சொற்கள் காட்டுவது

‘கிறிஸ்து’ என்றால் அபிஷேகம் பண்ணப்பட்டவர். ஆகவே இந்தப் பெண் இயேசுவை ராஜாவாக அபிஷேகம் பண்ணினாள் என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். மூலத்தின் வினைச்சொற்களைப் பார்ப்போம்.

1. கிறிஸ்து என்ற பட்டத்துக்கு வேரான வினை ‘கிரியோ’. புதிய ஏற்பாட்டில் ஐந்தே இடங்களில் வருகிறது. ஐந்திலும் அபிஷேகம் பண்ணுகிறவர் தேவன். நான்கு சுவிசேஷங்களிலும் தைலப் பெண்ணின் செயலுக்கு இந்த வினை பயன்படவே இல்லை.

2. மத்தேயுவும் மாற்கும் ‘ஊற்றினாள்’ என்கிறார்கள். லூக்காவும் யோவானும் ‘அலெய்ஃபோ’ என்ற வினையைப் பயன்படுத்துகிறார்கள். விருந்தாளிக்கும், நோயாளிக்கும், முகம் கழுவித் தலைக்கு எண்ணெய் வைப்பதற்கும் வழங்கும் சாதாரண ‘பூசு’ என்ற சொல் அது.

3. மாற்கு 14:8இல் மட்டும் ‘முரிட்சோ’, அதாவது மூரோன் பூசுதல். புதிய ஏற்பாட்டில் இது ஒரே முறை வருகிறது, அதையும் பேசுகிறவர் இயேசு. அடக்கத்துக்காக என் சரீரத்துக்கு இதைச் செய்ய “முந்திக்கொண்டாள்” என்கிறார்.

ராஜ அபிஷேகம் என்ற விளக்கத்துக்கு ஆதாரமாக மிஞ்சுவது, மத்தேயுவிலும் மாற்கிலும் தைலம் தலையில் ஊற்றப்பட்டது என்ற ஒன்றுதான். அது வலுவில்லாத ஆதாரம் அல்ல; சாமுவேல் சவுலின் தலைமேல்தான் தைலம் வார்த்தார். ஆனால் இயேசு தாமே கொடுக்கும் விளக்கம் அடக்கம். மாற்கு அதைக் கதைப்போக்கிலேயே காட்டிவிடுகிறார். 16ஆம் அதிகாரத்தில் பெண்கள் சுகந்தவர்க்கங்களை வாங்கிக்கொண்டு சரீரத்துக்குப் பூச விடியற்காலையில் போகிறார்கள். பூசுவதற்குச் சரீரம் இல்லை. மாற்கின் சுவிசேஷத்தில் அந்தச் சரீரத்துக்குக் கிடைத்த வாசனைத் தைலம் பெத்தானியாவில் உடைந்த பரணியில் இருந்தது மட்டுமே. முந்திக்கொண்டாள் என்பது எழுத்துக்கு எழுத்து உண்மை.

லூக்கா 7இல் வரும் பாவியான ஸ்திரீ, பெத்தானியா மரியாள், மகதலேனா மரியாள் மூவரும் ஒருவரே என்ற எண்ணத்தை மேலைச் சபையில் ஊன்றியது போப் முதலாம் கிரகரி 591 வாக்கில் செய்த பிரசங்கம். மகதலேனாவின் பெயர் தைலச் சம்பவங்கள் எதிலும் இல்லை.

## கடைச்சரக்கு சபைக்குள் வந்தது

1ஆம் நூற்றாண்டில் வாசனைக்கடைச் சரக்காக இருந்த சொல், பிறகு சபையின் புனிதத் தைலத்துக்குப் பெயரானது. இந்த மாற்றத்தின் படிகள் தெரிகின்றன. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா இக்னாசியுஸ் எபேசு சபைக்கு எழுதும்போது, சபையின்மேல் அழியாமையை ஊதும்படி கர்த்தர் தம் தலையில் மூரோனை ஏற்றார் என்கிறார். 4ஆம் நூற்றாண்டில், எருசலேம் பேராயர் சிரில் பெயரில் வழங்கும் உபதேசம், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் ‘இதை வெறும் மூரோன் என்று எண்ணிவிடாதே’ என்று எச்சரிக்கிறது. கேட்டவர்களுக்கு வெறும் மூரோன் என்றால் கடையில் வாங்கும் வாசனைத் தைலம் என்று தெரிந்திருந்ததால்தான் அப்படிச் சொல்லவேண்டி வந்தது.

இன்று கிரேக்க, ஆர்மீனிய, கோப்து, சிரியன் சபைகளில் திருமுழுக்கோடு பூசப்படுவது இந்தப் புனித மூரோன். கேரளத்துச் சிரியன் சபைகள் இதை ‘மூறோன்’ என்றே சொல்கின்றன. கிரேக்கச் சொல் சிரியாக் வழியாக மலையாளத்துக்கு வந்திருக்கிறது. கத்தோலிக்கரிடம் இதற்கு இணையானது, பெரிய வியாழனை ஒட்டி ஆயர் அர்ச்சிக்கும் கிறிஸ்மா தைலம். 2023 மே 6இல் பிரிட்டன் மன்னர் மூன்றாம் சார்லஸுக்குத் திரைமறைவில் பூசப்பட்ட தைலமும் இந்த வகையே. ஒலிவ மலையில் விளைந்த ஒலிவக் காய்களின் எண்ணெயில் எள், ரோஜா, மல்லிகை, பட்டை முதலியவற்றின் மணம் சேர்த்து, அதே ஆண்டு மார்ச் 3இல் எருசலேமில் அர்ச்சிக்கப்பட்டது.

இந்தப் பிற்காலப் பொருளைப் பின்னோக்கி எடுத்துப்போய் சுவிசேஷத்துக்குள் வைப்பதில்தான் பிழை நேர்கிறது. சீமோன் வீட்டில் அழுத பெண் கையில் இருந்தது யாரும் அர்ச்சித்த தைலம் அல்ல. அவள் பணம் கொடுத்து வாங்கியது, அல்லது வீட்டில் காத்து வைத்திருந்தது.

## தமிழில் எப்படிச் சொல்வது?

எண்ணெய் என்பது எள்+நெய். தைலம் என்பதும் சமஸ்கிருதத்தில் எள்ளைக் குறிக்கும் திலம் என்பதிலிருந்து வந்ததே. பிறப்பில் இரண்டும் ஒன்றுதான், வழக்கில் பிரிந்துவிட்டன. காய்ச்சிப் பக்குவப்படுத்தியது தைலம் என்று நம் காதுக்குத் தெரியும் என்பதால், மூரோனுக்குத் தைலம் என்ற தேர்வு சரியானது. ஒரே இடையூறு, இன்று தைலம் என்றால் மூட்டுவலிக்கும் சளிக்கும் தேய்க்கும் யூகலிப்டஸ் வகைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதனால் ‘பரிமள’ அல்லது ‘நறுமண’ என்ற முன்சொல் கட்டாயம் வேண்டும்.

பழைய திருப்புதல் பல இடங்களில் அதைக் காப்பாற்றுகிறது. உன்னதப்பாட்டு 1:3இல், செப்துவஜிந்து மூரோன் என்று வைத்த இடத்தில், “ஊற்றுண்ட பரிமளதைலம்” என்கிறது. ஆனால் எபிரெயர் 1:9இல் மூலச்சொல் எலாயோனாக இருந்தும் “ஆனந்ததைலம்” என்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 18:13இல் மூரோன் இருந்தும் வெறுமனே “தைலங்களையும்” என்று விட்டுவிடுகிறது.

இந்தக் கடைசி இடம்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பாபிலோனின் வியாபாரிகள் கொள்வாரில்லாமல் அழும் சரக்குகளின் பட்டியல் அது. பட்டை, தூபவர்க்கம், மூரோன், சாம்பிராணி, திராட்சரசம், எலாயோன், மெல்லிய மாவு, கோதுமை, மாடு, ஆடு, குதிரை, இரதம், அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள் என்று அது இறங்கிக்கொண்டே போகிறது. பெத்தானியாவில் வீட்டை நிறைத்த அதே சொல் இங்கே மனிதர்களை விற்கும் சந்தையில் ஓர் உருப்படியாக வைக்கப்பட்டிருக்கிறது. ‘பரிமளதைலங்களையும்’ என்று முழுச்சொல்லாக இருந்திருந்தால், சுவிசேஷத்தை வாசித்துவிட்டு இங்கே வரும் தமிழ் வாசகர் அந்த வார்த்தையில் நின்று, பரணியை உடைத்தவளை ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பார்.